காலநிலை விஞ்ஞானிகள் யார் காசில் பேசுகிறார்கள்?

கரிசல்காட்டான் · திங்கள் காலை 9:12

நான் கேட்கப்போவது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். பரவாயில்லை.

எண்ணெய்க் கம்பெனியிடம் பணம் வாங்கிய ஒருவர் "பூமி சூடாவதற்கு மனிதன் காரணமில்லை" என்று எழுதினால் உடனே அவரை விலைபோனவர் என்கிறோம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசாங்க மானியத்தில் ஆய்வு செய்யும் இன்னொருவர் "ஆபத்து, ஆபத்து" என்று எழுதினால் அவர் மட்டும் எப்படி உத்தமர் ஆகிறார்? ஆபத்து ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால் அடுத்த வருஷம் அவருக்கு புராஜெக்ட் எங்கிருந்து வரும்?

வெயில் கூடியிருப்பதை நான் மறுக்கவில்லை. கோவில்பட்டிக்காரனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரணம் சொல்ல வருகிறவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். மருந்துக் கம்பெனி செலவில் வெளிநாடு போய்வந்த டாக்டர் எழுதும் சீட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிறோமா இல்லையா? எல்லாருக்கும் ஒரே தராசு வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

வெப்பமானி · திங்கள் காலை 10:40

தராசு கேட்பது நியாயம். முதலில் ஒரு ஆளை அதில் ஏற்றிப் பார்ப்போம்.

வில்லி சூன். ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் பகுதிநேர ஆய்வாளராக இருந்தவர். படிப்பு விண்வெளிப் பொறியியல். புவி வெப்பத்துக்குப் பெரும்பாலும் சூரியனே காரணம் என்பது அவர் கட்சி. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைகளில் இவரது கட்டுரைகளைத் தூக்கிக் காட்டிய அரசியல்வாதிகள் உண்டு.

2015 பிப்ரவரியில், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் வாங்கிய ஆவணங்கள் வெளியே வந்தன. பத்து வருஷ அளவில் 12 லட்சம் டாலருக்கு மேல் அவருக்கு வந்திருந்தது. கொடுத்தவர்கள்: எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான்மொபில், எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளை, அப்புறம் நிலக்கரியில் பெருமளவு மின்சாரம் தயாரிக்கும் சதர்ன் கம்பெனி. 2008 முதல் வந்த கட்டுரைகளில் குறைந்தது 11ல் இந்தப் பணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தொகையை விடுங்கள். ஒப்பந்தத்தைப் படித்தால்தான் விஷயம் புரியும். சதர்ன் கம்பெனியோடு ஸ்மித்சோனியன் போட்ட 2008 ஒப்பந்தப்படி, கட்டுரை அச்சாகும் முன்பே கம்பெனிக்கு ஒரு பிரதி போகவேண்டும், அவர்கள் கருத்துச் சொல்லலாம். கம்பெனியின் பெயரை அதன் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. தான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளையும் நாடாளுமன்றக் குழுவில் கொடுத்த சாட்சியத்தையுமே, வாங்கிய காசுக்கு ஒப்படைத்த சரக்காகக் கம்பெனிக்குக் கணக்குக் காட்டியிருந்தார்.

கரிசல்காட்டான் · திங்கள் காலை 11:05

இதெல்லாம் அவர் குணத்தைப் பற்றிய பேச்சு. கணக்கு தப்பா சரியா என்பதுதானே கேள்வி? கெட்டவன் சொன்னாலும் இரண்டும் இரண்டும் நாலுதான். பணம் எந்த ஆய்வு முடிவையும் மாற்றவில்லை என்று அவரும் அறிக்கை விட்டார். பணத்தைக் காட்டி ஆளை அடிப்பது வாதமாகாது.

வெப்பமானி · திங்கள் மதியம் 1:20

சரி, கணக்குக்கே வருவோம்.

2003ல் சூனும் சாலி பாலியூனாஸும் 'கிளைமேட் ரிசர்ச்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 20ஆம் நூற்றாண்டு வெப்பம் அப்படியொன்றும் புதிதில்லை, ஆயிரம் வருஷத்துக்கு முன்பும் இப்படித்தான் இருந்தது என்பது சாரம். பெட்ரோலியக் கழகம் 53,000 டாலர் கொடுத்திருந்தது. இதைக் கட்டுரையிலேயே சொன்னார்கள், அந்த மட்டும் நேர்மை.

கணக்கு எப்படி? மத்திய காலத்தில் ஓரிடம் 50 வருஷம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டார்கள். ஈரமாக இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். வறண்டு கிடந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் 900ஆம் ஆண்டு வாக்கில், இன்னோரிடத்தில் 1200 வாக்கில் என்றிருந்தாலும் எல்லாம் ஒரே மூட்டையில். இப்படிக் கணக்குப் போட்டால் எந்த நூற்றாண்டையும் அசாதாரணம் என்று காட்டிவிடலாமே.

அந்த இதழின் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டிருந்த ஹான்ஸ் ஃபான் ஷ்டோர்க், இந்தக் கட்டுரை சக ஆய்வாளர் தணிக்கையைத் தாண்டி வந்ததே தவறு என்று தலையங்கம் எழுதப் பார்த்தார். பதிப்பாளர் விடவில்லை. ராஜினாமா செய்தார், அவரோடு இன்னும் சில ஆசிரியர்களும் வெளியேறினார்கள். கவனியுங்கள், ஃபான் ஷ்டோர்க் மிகைப்படுத்திப் பேசும் ஆள் இல்லை. மறுபக்கத்து விஞ்ஞானிகளையும் கடுமையாக விமர்சித்தவர்.

ஆய்வகத்து எலி · திங்கள் மாலை 6:48

இங்கே மானியம் என்றவுடன் ஏதோ பெட்டி பெட்டியாகப் பணம் வந்து இறங்குவதுபோல் ஒரு படம் ஓடுகிறது. அந்த அடுப்படியில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். காலநிலைத் துறை இல்லை, பொருளறிவியல். ஆனால் மத்திய அரசு புராஜெக்டின் லட்சணம் எல்லாத் துறையிலும் ஒன்றுதான்.

மூன்று வருஷ புராஜெக்ட் கிடைக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் பையன் ஒருவனுக்கு மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. கருவி வாங்க ஒரு தொகை, ரசாயனத்துக்கு ஒரு தொகை, ஓவர்ஹெட் என்று கல்லூரி எடுத்துக்கொள்வது ஒரு தொகை. பி.ஐ. எனப்படும் பேராசிரியர் கையில் சம்பளமாக ஒரு பைசா நிற்காது. அரசாங்கக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் வாங்கினாயா, இல்லையென்றால் ஏன் இல்லை, கொட்டேஷன் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். வருஷக் கடைசியில் யூ.சி. எனப்படும் செலவுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது, பையன் நாலு மாசம் சம்பளமில்லாமல் ஹாஸ்டல் மெஸ்ஸில் கடன் சொல்வான். அமெரிக்காவில் கோடைகாலச் சம்பளம் மானியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் வித்தியாசம். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கையை எழுதுகிறவர்களுக்கு அது சம்பளமே தருவதில்லை.

பணக்காரர் ஆகத்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்ற வாதம் அதனால் எடுபடாது. ஆனால் கரிசல்காட்டான் சார் கேள்வியில் வேறொரு உண்மை இருக்கிறது. எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதைப் பணம் தீர்மானிக்கத்தான் செய்கிறது. சூடான தலைப்பு இருந்தால் புரொபோசலில் அந்த வார்த்தையை எப்படியாவது சொருகுவோம். நானும் சொருகியிருக்கிறேன். கேள்வியைப் பணம் தேர்ந்தெடுப்பது ஒன்று, விடையைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று.

"மாற்றிச் சொன்னால் புராஜெக்ட் கிடைக்காது" என்பதற்கு நேர் உதாரணமே இருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹண்ட்ஸ்வில் வளாகத்தில் ஜான் கிறிஸ்டி, ராய் ஸ்பென்சர் இருவரும் செயற்கைக்கோள் தரவிலிருந்து வளிமண்டல வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். இருவரும் பேர்போன சந்தேகவாதிகள். பணம் கொடுத்தது நாசா, கடல்-வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, எரிசக்தித் துறை, எல்லாம் அமெரிக்க அரசாங்கம். 1991ல் நாசா பதக்கமே கொடுத்தது. ஆரம்பத்தில் அவர்கள் எண்கள் "அப்படியொன்றும் சூடாகவில்லை" என்றன. 2005ல் கலிஃபோர்னியாவில் மியர்ஸ், வென்ட்ஸ் இருவரும் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். செயற்கைக்கோள் பாதை நழுவ நழுவ, ஒரே இடத்தைக் கடக்கும் நேரமும் நாளாக ஆக மாறிக்கொண்டே போகும். அதற்குப் போட்ட திருத்தம் எதிர்த்திசையில் போயிருந்தது. கிறிஸ்டியும் ஸ்பென்சரும் திருத்திக்கொண்டார்கள். இன்று அவர்களுடைய சொந்தக் கணக்கே 1979 முதல் பத்தாண்டுக்கு சுமார் 0.15 டிகிரி கூடுகிறது என்று காட்டுகிறது.

பினாங்கு மணி · திங்கள் இரவு 8:15

சிறு இடைச்செருகல். அரசாங்கக் காசு வாங்கினால் அரசாங்கம் கேட்கிற பாட்டைத்தான் பாடவேண்டும் என்றால், ஜார்ஜ் புஷ் இருந்த எட்டு வருஷமும் அமெரிக்க விஞ்ஞானிகள் தலைகீழாகப் பாடியிருக்கவேண்டும். வெள்ளை மாளிகையின் சுற்றுச்சூழல் குழுவில் தலைமை அதிகாரியாக இருந்த ஃபிலிப் கூனி, முன்பு பெட்ரோலியக் கழகத்தில் வேலைபார்த்தவர், வழக்கறிஞர், விஞ்ஞானி இல்லை. அரசின் காலநிலை அறிக்கைகளில் உட்கார்ந்து அடித்துத் திருத்தி, உறுதியான வாக்கியங்களில் "இருக்கலாம்" சேர்த்துக்கொண்டிருந்தார். 2005 ஜூனில் இது பத்திரிகையில் வந்தது. சில நாளில் ராஜினாமா. அடுத்து எங்கே போனார்? எக்ஸான்மொபிலில் வேலை.

சம்பளம் கொடுத்த முதலாளிக்கே பிடிக்காத முடிவைத்தான் நாசா விஞ்ஞானிகள் அந்த எட்டு வருஷமும் வெளியிட்டார்கள்.

கரிசல்காட்டான் · திங்கள் இரவு 9:30

மணி சொன்னது யோசிக்கவேண்டியது. எலி சொன்ன கிறிஸ்டி விஷயமும். ஆனால் தராசின் அடுத்த தட்டை யாருமே தொடவில்லையே. இமயமலை என்ன ஆச்சு? 2035க்குள் பனிப்பாறைகள் காணாமல் போய்விடும் என்று ஐபிசிசியே எழுதியது. அந்த நேரத்தில் ஐபிசிசி தலைவர் பச்சௌரி. அவர் நடத்திய டெரி என்ற டெல்லி எரிசக்தி ஆய்வு நிறுவனமோ இமயமலைப் பனிப்பாறை ஆய்வுக்கு வெளிநாட்டு நிதி வாங்கிக்கொண்டிருந்தது. இதையே ஒரு எண்ணெய்க் கம்பெனி செய்திருந்தால் இந்த இழை எத்தனை பக்கம் போயிருக்கும்?

மலைச்சாரல் · செவ்வாய் காலை 7:55

இது நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

2007 அறிக்கையின் இரண்டாம் பணிக்குழுப் பகுதியில் அந்த வரி இருந்தது உண்மை. ஆதாரமாகக் காட்டியது உலக வனவிலங்கு நிதியத்தின் 2005 அறிக்கை ஒன்றை. அது 1999ல் 'நியூ சயின்டிஸ்ட்' பத்திரிகையில் வந்த செய்தியிலிருந்து எடுத்தது. சக ஆய்வாளர் தணிக்கை எங்கேயும் நடக்கவில்லை. பத்திரிகைச் செய்தி அப்படியே ஐ.நா. அறிக்கைக்குள் ஏறிவிட்டது.

2009 நவம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா எழுதிய அறிக்கையை ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்து வெளியிட்டார். இமயப் பனிப்பாறைகள் அசாதாரண வேகத்தில் உருகுவதாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது அது. பச்சௌரி அதைப் பில்லிசூனிய விஞ்ஞானம் என்று ஏளனம் செய்தார். இரண்டே மாதத்தில், 2010 ஜனவரியில், 2035 என்ற வரி தவறு என்று ஐபிசிசி வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அந்த ஏளனத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது, என் கருத்தில் அவர் அன்றே பதவி விலகியிருக்கவேண்டும்.

ஆனால் தவறைப் பிடித்தது யார் என்று பாருங்கள். கனடாவின் கிரஹாம் காக்லி, ஆஸ்திரியாவின் கெயோர்க் காசர். இருவரும் பனிப்பாறை விஞ்ஞானிகள், பூமி சூடாகிறது என்று சொல்கிறவர்கள். காசர் அதே 2007 அறிக்கையின் முதல் பணிக்குழுவில் எழுதியவர். அந்த முதல் பகுதியில், பனிப்பாறை இயற்பியல் பேசும் இடத்தில், 2035 கிடையாது. டெரி பணத்தில் பச்சௌரி சொந்தமாகச் சம்பாதித்தார் என்ற குற்றச்சாட்டைத் தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜி பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்றது. 'சண்டே டெலிகிராஃப்' மன்னிப்புக் கேட்டது. இருந்தாலும், தலைவர் பதவியும் நிதி வாங்கும் நிறுவனமும் ஒரே ஆளிடம் இருந்திருக்கக்கூடாது. ஐபிசிசி இதற்குப் பிறகுதான் நலன்முரண் விதிகளையே எழுதியது.

பழைய சாம்பிள்காரன் · செவ்வாய் காலை 11:10

இவ்வளவு நாள் வாசகனாக மட்டும் இருந்தேன். வெப்பமானி சொன்ன அந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததும் கை பரபரத்தது.

தனியார் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். ஆலைக் கழிவுநீர், புகைபோக்கிக் காற்று எல்லாம் சோதிப்போம். காசு கொடுப்பது ஆலைதான். மோசடி என்று சினிமாவில் வருகிறமாதிரி யாரும் வந்து மிரட்டவில்லை. "சாம்பிள் எடுக்க எப்போ வர்றீங்க?" என்று முன்கூட்டியே போன் வரும். நாங்கள் போகிற அன்று சாயப் பகுதி பராமரிப்பில் இருக்கும். எண்கள் வந்ததும் அடுத்த போன்: "முதல்ல டிராஃப்ட் அனுப்புங்க சார், பார்த்துட்டுச் சொல்றோம்." டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்த உப்புகளின் அளவு கூடியிருந்தால், "மறுபடி ஒரு சாம்பிள் எடுத்துடலாமே" என்பார்கள். இரண்டாவது சாம்பிள் நன்றாக வந்தால் முதலாவது அறிக்கையில் ஏறாது. எந்த எண்ணையும் யாரும் பொய்யாக எழுதவில்லை. எல்லாம் உண்மையான எண். ஆனால் எது வெளியே போகவேண்டும் என்பது காசு கொடுத்தவர் கையில்.

நம் நாட்டில் 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டை எழுதும் ஆலோசகரைத் திட்டம் போடுகிற கம்பெனியே அமர்த்திக் கூலியும் கொடுக்கிறது. ரத்தினகிரி பாக்சைட் சுரங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில் ரஷ்யச் சுரங்க அறிக்கை ஒன்றிலிருந்து பத்தி பத்தியாக எடுத்திருந்தது நினைவிருக்கலாம். அதனால் யார் காசு என்று நான் கேட்பதில்லை. அச்சாகும் முன் யார் பார்த்தார், பிடிக்காவிட்டால் நிறுத்த யாருக்கு உரிமை இருந்தது, ஒதுக்கிய எண்கள் எங்கே. இந்த மூன்றைத்தான் கேட்பேன்.

கரிசல்காட்டான் · செவ்வாய் மதியம் 12:02

சாம்பிள்காரன் அண்ணே, இந்த மூன்று கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற தராசு. வெப்பமானி, இப்போது எண்ணெய்க் கம்பெனிக் காசில் நடந்த ஆய்வு எல்லாமே குப்பையா, சொல்லுங்கள்.

வெப்பமானி · செவ்வாய் மாலை 4:33

குப்பையே இல்லை. சிலது தங்கம்.

எக்ஸான் தன் சொந்த விஞ்ஞானிகளை வைத்தே 1970களின் கடைசியில் ஆராய்ந்தது. 1977ல் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி கம்பெனி மேலிடத்துக்குப் படம் போட்டு விளக்கினார். 'எஸ்ஸோ அட்லாண்டிக்' என்ற எண்ணெய்க் கப்பலில் கருவி பொருத்திக் கடலும் காற்றும் எவ்வளவு கரியமில வாயுவை வைத்திருக்கின்றன என்று அளந்தார்கள். 1982ல் உள்சுற்றுக்கு எழுதிய அறிக்கையில் ஒரு வரைபடம் இருக்கிறது: 2019 வாக்கில் காற்றில் கரியமில வாயு சுமார் 415 பிபிஎம் (பத்து லட்சத்தில் 415 பங்கு), வெப்பம் சுமார் 0.9 டிகிரி கூடியிருக்கும். 2019 மே மாதம் ஹவாயின் மௌனா லோவாவில் பதிவானது ஏறக்குறைய அதே 415. 2023ல் 'சயின்ஸ்' இதழில் சுப்ரன், ராம்ஸ்டார்ஃப், ஒரெஸ்கஸ் மூவரும் எக்ஸானின் பழைய கணிப்புகளைச் சரிபார்த்தார்கள். 63 முதல் 83 சதவீதம் வரை பலித்திருந்தன. முதலாளி எண்ணெய் விற்கிறவர்தான், கணக்கு அப்படியே சரி. வெளியே மட்டும் "இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை" என்று விளம்பரம் போட்டார்கள்.

இன்னொன்று. எண்ணெய், நிலக்கரி, கார் கம்பெனிகள் சேர்ந்து 1989 முதல் 2002 வரை நடத்திய உலகக் காலநிலைக் கூட்டணி. 1995ல் அவர்களுடைய அறிவியல் குழு எழுதிய வரைவில், பசுமைக்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை உறுதியானது, மறுக்கமுடியாதது என்று எழுதியிருந்தார்கள். சந்தேகவாதிகளின் மாற்றுக் கோட்பாடுகள் எடுபடவில்லை என்று ஒரு தனிப் பகுதியே இருந்தது. இறுதி வடிவில் அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். சாம்பிள்காரன் சொன்ன டிராஃப்ட் கதைதான்.

மூன்றாவது, ரிச்சர்ட் முல்லர். பெர்க்லி இயற்பியலாளர், பழைய வெப்பநிலைப் பதிவுகள்மேல் அவருக்கே பலத்த சந்தேகம். நகரச் சூடு கலந்திருக்கிறது, நல்ல நிலையங்களை மட்டும் பொறுக்கியிருக்கிறார்கள் என்று. 2010ல் பெர்க்லி எர்த் என்று குழு அமைத்தார். சார்லஸ் கோக் அறக்கட்டளை 1,50,000 டாலர் கொடுத்தது. ஏறத்தாழ 39,000 நிலையங்களின் பதிவுகளைப் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். 2011ல் வந்த விடை நாசா, நோவா போட்ட அதே கோடு. 2012ல், காரணமும் ஏறக்குறைய முழுக்க மனிதர்கள்தான் என்று எழுதினார். தரவும் நிரலும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியே இருந்தன. கோக்குக்கு முன்கூட்டிப் பார்த்து நிறுத்தும் உரிமை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், எந்த முடிவு வந்தாலும் ஏற்கிறேன் என்று முதலில் சொன்ன சந்தேகவாத வலைப்பதிவர் ஆன்டனி வாட்ஸ், முடிவு வந்ததும் முறை சரியில்லை என்றுவிட்டார்.

செம்பருத்தி · செவ்வாய் மாலை 5:20

இத்தனை பேசி சிகரெட்டை விட்டுவிட்டீர்களே தோழர்களே. இந்த வித்தை முழுக்க அங்கே பழகியது. 1969ல் ஒரு சிகரெட் கம்பெனியின் உள்குறிப்பிலேயே "சந்தேகம்தான் நம் சரக்கு" என்று எழுதிவைத்தார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்த ஃபிரெட்ரிக் சைட்ஸ், பிற்பாடு ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனியின் ஆய்வு நிதியைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஆலோசகர். அதற்கும் பிறகு மார்ஷல் நிறுவனம் என்ற கொள்கை ஆய்வு அமைப்பின் தலைவராக இருந்து காலநிலை அறிவியலை எதிர்த்தார். எல்லாக் கம்பெனியும் ஒரே களவாணிக் கூட்டம்.

ஆய்வகத்து எலி · செவ்வாய் இரவு 10:07

செம்பருத்தி, கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. களவாணி என்று முத்திரை குத்தினால் நுணுக்கமான இடம் தவறிப்போகும். பொய் சொல்லாமலேயே சாய முடியும். 2022ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் ஆல்மண்ட், டூ, பாப் என்ற மூவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பல்கலைக்கழக எரிசக்தி மையங்களின் அறிக்கைகளை எடுத்து, எரிவாயுவைப் பற்றி எந்தத் தொனியில் எழுதுகிறார்கள் என்று அலசினார்கள். எண்ணெய், எரிவாயுக் கம்பெனி நிதி வாங்கிய மையங்கள் சூரிய மின்சாரத்தைவிட எரிவாயுவை நயமாகப் பேசின. நிதி வாங்காத மையங்களில் அந்தச் சாய்வு இல்லை. இவர்களில் யாரும் பூமி சூடாகவில்லை என்று சொல்கிறவர்கள் இல்லை.

பசுமைக் கட்சிக்காரர்கள் துள்ளவும் வேண்டாம். நிலக்கரியை எதிர்த்துப் போராடிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப், 2007 முதல் 2010 வரை 2.5 கோடி டாலருக்கு மேல் வாங்கியது செசபீக் எனர்ஜி என்ற எரிவாயுக் கம்பெனி வட்டாரத்திடம். 2012ல்தான் வெளியே தெரிந்தது. நிலக்கரி தோற்றால் எரிவாயு விற்கும், அவ்வளவுதான் கணக்கு.

கரிசல்காட்டான் · புதன் காலை 8:41

சியரா கிளப் விஷயம் எனக்குப் புதிது. கரியமில வாயு சூடாக்குகிறது என்பதில் எனக்கு இனி வழக்கில்லை. எக்ஸானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறபோது நான் யார்? ஆனால் எவ்வளவு சூடாகும் என்பதில் விடமாட்டேன். கணினி மாதிரிகள் அளவுக்கு மீறிச் சூடு காட்டுகின்றன என்று படித்தேன். அதற்கும் நிதிக்கும் தொடர்பு உண்டா இல்லையா?

மட்டுறுத்துநர் · புதன் காலை 9:00

மாதிரிகள் பற்றித் தனி இழை தொடங்கவும். இது ஏற்கனவே நீண்டுவிட்டது.

வெப்பமானி · புதன் காலை 9:26

தொடங்குங்கள், வருகிறேன். சில புதிய மாதிரிகள் அதிகச் சூடு காட்டுவது உண்மைதான். 2022ல் 'நேச்சர்' இதழில் அதை எழுதியவர்கள் ஹாஸ்ஃபாதர், நாசாவின் கேவின் ஷ்மிட் உள்ளிட்ட காலநிலை விஞ்ஞானிகளே. நீங்கள் படித்தது எங்கே வந்தது என்று முதல் பதிவில் போடுங்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் கடைசிப் பக்கத்தில் நிதி விவரமும் நலன்முரண் அறிவிப்பும் சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் சேர்த்துப் போடுங்கள். மாதிரியின் நிரல் பொதுவில் இருக்கிறதா என்பதை நான் பார்த்து வைக்கிறேன்.